எதிர்முழக்கமும் அனுப்பு மட்டமும்

வெற்று மண்டபம் ஒன்றினுள் நின்று ஒருமுறை கைதட்டினால், அவ்வொலி அக்கணமே மறைந்துவிடுவதில்லை. சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செவியை வந்தடைய, ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்குகின்றது. முன்னாளில் பீஜப்பூர் எனப்பட்ட விஜயபுராவிலுள்ள கோல் கும்பஸின் பெருங்குவிமாடத்தின் கீழ், திரும்பிவரும் ஒலியைத் தனித்தனி எதிரொலிகளாகவே கேட்கலாம். சாதாரணக் கூடங்களிலோ அவ்வலைகள் நெருங்கிப் பின்னி ஒரே தொடர்ச்சியான முழக்கமாகிவிடுகின்றன. இதனையே பௌதிக நூலார் எதிர்முழக்கம் என்பர். நேரில் கேட்கும் இசை எதுவாயினும் அதில் எதிர்முழக்கம் ஓரளவு கலந்தே இருக்கும். அது சிறிதுமின்றிப் பதிவான குரல், பாடுபவர் நம் காதருகே வாய் வைத்துப் பாடுவது போன்ற இயல்பற்ற உணர்ச்சியைத் தருகின்றது.

இந்நாளில் பாடல்கள் பெரும்பாலும் ஒலியை உறிஞ்சும் பொருள்கள் வேய்ந்த சிற்றறைகளில், ஒலிவாங்கியைப் பாடுபவரின் முகத்திற்கு மிக அணுக்கமாக வைத்துப் பதிவு செய்யப்படுகின்றன. அங்ஙனம் பதிவான குரலுக்கும் வாத்தியங்களுக்கும் மண்டபம் என ஒன்று இல்லை. அது பின்னர்க் கணிப்பொறியில், ஒலிப்பதிவு மென்பொருளின் துணைகொண்டு சேர்க்கப்படுகின்றது. எவ்வளவு சேர்ப்பது என்பதை நிர்ணயிக்கும் பிடியை ஒலிப்பொறியாளர்கள் 'செண்ட்' என்கின்றனர். இக்கட்டுரையில் அதனை அனுப்பு மட்டம் எனக் குறிப்போம். சிறிய பிடிதான், ஆயினும் ஒரு பாடலின் சொற்கள் கேட்போருக்கு விளங்குமா, முழக்கத்தில் மூழ்கிப்போகுமா என்பது பெரும்பாலும் இதனைப் பொறுத்தே அமைகின்றது.

சபைனின் ஆராய்ச்சி

எதிர்முழக்கம் சொற்களைக் கெடுக்கக்கூடும் என்பது அளவைகளின் வாயிலாக முதன்முதல் ஆராயப்பட்டது அமெரிக்காவில் ஆகும். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில், பேசுவோர் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் கூறி முடித்தபின்னும் அதன் முழக்கம் ஏறத்தாழ ஐந்தரை வினாடி நீடித்தது. அதற்குள் பேசுபவர் பத்துச் சொற்களுக்கு மேல் கூறிவிடுவார். 1895-ஆம் ஆண்டில் இக்குறையைக் களையும் பொறுப்பு வாலஸ் கிளெமென்ட் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு வேளைகளில் எடுத்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி செவிக்கு எட்டாமற் போகும் நேரத்தை அவர் மீண்டும் மீண்டும் அளந்தார். மண்டபத்தின் கன அளவைக் கன மீட்டரிலும், அதன் மொத்த உறிஞ்சுபரப்பைச் சதுர மீட்டரிலும் கொண்டால், முன்னதைப் பின்னதால் வகுத்து 0.161 ஆல் பெருக்க எதிர்முழக்க நேரம் வினாடியில் கிடைக்கும் என்னும் விதி இவ்வுழைப்பின் பயனே. ஒலி மட்டம் 60 டெசிபெல் குறைவதற்குச் செல்லும் காலத்தையே இன்று எதிர்முழக்க நேரம் எனக் கொள்கிறோம். 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி மண்டபம் சபைனின் ஆலோசனையைப் பெற்று எழுந்தது.

எதிர்முழக்க நேரம் மண்டபத்தின் குணம். கேட்பவர் அம்மண்டபத்தில் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது வேறொரு செய்தி. நம் பொருளுக்கு இன்றியமையாதது இதுவே. பாடுபவரிடமிருந்து நேராக வரும் ஒலி, தூரம் இருமடங்காகுந்தோறும் 6 டெசிபெல் குறைகின்றது. ஆனால் சுவர்களில் பட்டுச் சிதறிய முழக்கமோ மண்டபம் எங்கணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிரம்பியுள்ளது. ஆகவே முன்வரிசையில் நேரொலி மிகுந்தும், பின்வரிசையில் முழக்கம் மிகுந்தும் கேட்கின்றன. இரண்டும் சமமாகும் தூரம் ஒன்று உண்டு. 5,000 கன மீட்டர் கொள்ளளவும் 1.8 வினாடி எதிர்முழக்க நேரமும் உடைய மண்டபத்தில், எல்லாத் திசையிலும் சமமாக ஒலிக்கும் பொருளுக்கு அத்தூரம் சுமார் 3 மீட்டர்தான். மனிதனின் செவியும் மூளையும் இவ்விகிதத்தைக் கொண்டே பாடுபவரின் அண்மையையும் சேய்மையையும் பெரிதும் உய்த்துணர்கின்றன. இதனை மனத்திற் கொண்டால் அனுப்பு மட்டம் என்பது உரப்பை மாற்றும் பிடியன்று, தூரத்தை மாற்றும் பிடி என்பது தெளிவாகும்.

ஒரே அறை, பல குரல்கள்

மின்வழியில் எதிர்முழக்கம் சேர்க்கும் முறை மென்பொருளுக்கு மிகவும் முற்பட்டது. பதிவு நிலையங்கள் கல்லும் சுண்ணமும் பூசிய தனியறை ஒன்றை வைத்திருந்தன. அதனுள் ஓர் ஒலிபெருக்கியும் ஓர் ஒலிவாங்கியும் இருக்கும். பாடகரின் குரலில் ஒரு பகுதியைப் பிரித்து அவ்வொலிபெருக்கிக்கு அனுப்புவார்கள். அறையில் எழும் முழக்கத்தை ஒலிவாங்கி திருப்பிக் கொணர, அது மூலக்குரலுடன் கலக்கப்படும். 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்னும் பொறியாளர் ஹார்மோனிக்கா இசைப்பதிவு ஒன்றிற்குக் குளியலறையையே இதற்குப் பயன்படுத்தினார். பளிங்கும் ஓடும் பதித்த குளியலறையில் பாடினால் எவர் குரலும் சிறிது எடுப்பாகவே கேட்கும் என்பதை நம்மில் பலர் அறிவோம். 1956-இல் எழுந்த ஹாலிவுட் கேபிடல் கட்டடத்தில் இதற்கெனவே தரைக்கடியில் அறைகள் அமைக்கப்பட்டன. 1957-இல் ஜெர்மனியின் ஈ. எம். டி. நிறுவனம் அறைக்கு மாற்றாக ஓர் எஃகுத் தகட்டை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட அத்தகட்டை அதிரச்செய்து, அதன் அதிர்வை வாங்கிக் கலப்பார்கள். பெல் ஆய்வகத்தில் மன்ஃபிரட் ஷ்ரோடர் 1960-களின் தொடக்கத்தில் எண்கணக்கினாலேயே எதிர்முழக்கத்தைத் தோற்றுவிக்கும் வழியை வகுத்தார். இன்றைய செருகுநிரல்கள் பலவும் அந்தக் கால்வழியில் வந்தவையே.

ஒரு நிலையத்தில் அறை ஒன்றுதான். குரல்களும் வாத்தியங்களும் பல. எனவே ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டிய அளவு பிரித்து ஒரு பொதுவழியில் சேர்த்து அறைக்கு அனுப்பும் ஏற்பாடு கலவை மேசைகளில் அமைந்தது. பிரித்தனுப்பும் அளவே அனுப்பு மட்டம். முழக்கம் திரும்பிவரும் வழியை மீள்தடம் எனலாம். இன்றைய கணிப்பொறியில் தடத்திற்கு ஓர் அறை வீதம் இருபது அறைகளைக்கூட உண்டாக்க இயலும். ஆயினும் பழைய ஏற்பாடே நிலைத்துள்ளது. கணிப்பொறியின் உழைப்புக் குறைவது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், எல்லோரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து வாசிப்பது போன்ற ஒருமை இதனால் கிட்டுகின்றது என்பதே. புரோ டூல்ஸ் என்னும் மென்பொருளில் ஒரு தடத்திற்குப் பத்து அனுப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். பத்தையும் பயன்படுத்த வேண்டிய பாடல் அரிது.

இத்துறையில் எதிர்முழக்கம் கலவாத ஒலியை 'உலர்ந்தது' என்றும் கலந்ததை 'ஈரமானது' என்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றனர். தமிழில் அவற்றை அப்படியே பெயர்த்தால் முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் துணியில் நீர் ஊறுவது போல் குரலில் மண்டபம் ஊறுகின்றது என்று கொண்டால் உவமை பொருந்தவே செய்கிறது. உலரொலி, ஈரவொலி என்னும் சொற்களை இனி ஆள்வோம்.

ஃபேடருக்கு முன்னும் பின்னும்

ஒவ்வொரு தடத்தின் ஒலி மட்டத்தையும் ஏற்றியிறக்க உதவும் நழுவுபிடிக்கு ஃபேடர் என்று பெயர். பிரித்தனுப்புதல் இந்த ஃபேடருக்குப் பின் நிகழலாம், முன்னும் நிகழலாம். மென்பொருளின் திரையில் இவை போஸ்ட்-ஃபேடர், பிரீ-ஃபேடர் எனக் காணப்படும். இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை உணராமல் அனுப்பு மட்டத்தைக் கையாளுதல் இயலாது.

பாடகரின் தடத்தில் ஃபேடருக்குப் பின் பிரித்த ஓர் அனுப்பு உள்ளது எனக் கொள்வோம். ஃபேடரை 6 டெசிபெல் இறக்கினால், அனுப்பப்படும் அளவும் 6 டெசிபெல் குறைகின்றது. உலரொலியும் ஈரவொலியும் சேர்ந்தே தாழ்வதால் அவற்றின் விகிதம் மாறவில்லை. பாடகர் அதே இடத்தில் நின்று சற்று மெதுவாகப் பாடுகிறார். இனி, ஃபேடருக்கு முன் பிரித்திருப்பின், அதே 6 டெசிபெல் இறக்கத்தில் உலரொலி மட்டும் தாழ்கின்றது. முழக்கம் பழைய மட்டத்திலேயே நிற்கின்றது. தூரம் இருமடங்கானால் நேரொலி 6 டெசிபெல் குறையும் என மேலே கண்டோம். ஆதலால் பாடகர் மேடையை விட்டு மண்டபத்தின் உட்புறம் நடந்து, தம் தூரத்தை இருமடங்காக்கிக்கொண்டது போலக் கேட்கும். ஃபேடரை முற்றும் இறக்கிவிட்டால் பாடகர் இல்லை, அவருடைய முழக்கம் மட்டும் மிஞ்சும்.

நாடகங்களிலும் திரைப்படப் பாடல்களிலும் ஒருவர் விலகிச் செல்வதைக் காட்ட இப்பின்னைய முறை உதவும். பாடிப் பதிவு செய்யும் வேளையில் பாடகரின் காதணிக் கருவிக்கு ஒலி அனுப்பவும் அதுவே ஏற்றது; பொறியாளர் தம் பக்கத்தில் ஃபேடரை எங்ஙனம் நகர்த்தினும் பாடகர் கேட்பது மாறாது. ஏனைய வேலைகளுக்கெல்லாம் ஃபேடருக்குப் பின் பிரிப்பதே முறை.

இதிலிருந்து ஒரு நுண்ணிய இடர்ப்பாடு பிறக்கின்றது. நான்கு வயலின் தடங்களை ஒரு குழுத் தடத்தில் சேர்த்து, அக்குழுவின் ஃபேடரால் ஆள்வது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வயலினின் அனுப்பும் அதன் சொந்தத் தடத்திலிருந்தே முழக்கத்திற்குச் செல்லுமாயின், குழு ஃபேடரை இறக்கும்போது உலரொலி தாழும், அனுப்புத் தாழாது. பின்பிரிவாக அமைத்ததே முன்பிரிவாக நடந்துகொள்ளும். வயலின்கள் மெதுவாவதற்குப் பதிலாகத் தொலைவிற் சென்றுவிடும். குழுத் தடத்திலிருந்தே அனுப்பைப் பிரித்தாலோ, தனித்தனி ஃபேடர்களை ஒருங்கே நகர்த்தும் வி. சி. ஏ. வகை ஃபேடரைப் பயன்படுத்தினாலோ இவ்விடர் நேராது.

மட்டத்தை நிர்ணயித்தல்

முதலில் மீள்தடத்தைச் செவ்வைப்படுத்த வேண்டும். அங்குள்ள செருகுநிரல் முழுதும் ஈரவொலியையே தருமாறு வைக்கப்படல் வேண்டும். பல செருகுநிரல்கள் உலரொலியிலும் ஒரு பங்கைக் கலந்து தரும் நிலையிலேயே திறக்கின்றன. அப்படியே விட்டால் குரலின் இரண்டாம் பிரதி ஒன்று மீள்தடத்தின் வழியே வந்து மூலத்துடன் சேரும். ஒத்த இரு பிரதிகள் ஒரே கணத்திற் சேர்ந்தால் மட்டம் 6 டெசிபெல் வரை உயரும். சிறிது காலம் பிந்திச் சேர்ந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். அனுப்பு மட்டத்தை உயர்த்தினால் குரல் தொலைவிற் செல்வதற்கு மாறாக உரத்து ஒலிக்கின்றதெனின், காரணம் பெரும்பாலும் இதுவே.

மீள்தடத்தின் ஃபேடரை 0 டெசிபெலில் நிறுத்தி, அனுப்புகளை எல்லாம் மௌன நிலையிலிருந்து தொடங்குவது நன்று. ரீப்பர் போன்ற மென்பொருளின் இயல்பான அமைப்பில் புதிய அனுப்பு 0 டெசிபெலிலேயே பிறக்கின்றது. அதாவது குரலின் முழு அளவும் உடனே மண்டபத்தினுட் செல்லும். அதிலிருந்து குறைத்துக்கொண்டு வருபவர், மௌனத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருபவரைவிட மிகுதியான முழக்கத்தில் நின்றுவிடுவதே பெரும்பான்மை. செவி எதற்கும் விரைவிற் பழகிவிடும் இயல்புடையது. கால் மணி நேரம் ஒரே பாடலைக் கேட்டபின் முன்பு போதுமாயிருந்த முழக்கம் குறைவாகத் தோன்றும். கை தானே பிடியை உயர்த்தும்.

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா என அமைந்த கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடகரின் அனுப்பை முதலில் உயர்த்தி, முழக்கம் இருப்பது புலப்படத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து இரண்டு அல்லது மூன்று டெசிபெல் இறக்கி நிறுத்தலாம். அவ்விடம் -15 டெசிபெல் எனின், வயலினுக்கு -13 அளவு வைத்துப் பார்க்கலாம். பக்கவாத்தியம் பாடகருக்குச் சற்றுப் பின்னே அமர்ந்த தோற்றம் கிட்டும். மிருதங்கத்திற்கு -20 கூட மிகுதியாயிருக்கலாம். அதன் இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த நாதம் முழக்கத்தில் ஊறினால் பதிவு முழுதும் கலங்கிவிடும். இதைத் தடுக்க மீள்தடத்திலேயே 200 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்டவற்றை வடிகட்டிவிடுவதும் வழக்கம். தம்புராவோ இடைவிடாது ஒலிப்பது. அதற்கு எதிர்முழக்கம் சேர்த்தால் வேறுபாடு அதிகம் தெரியாது, கலவை மட்டும் தடிக்கும். இவ்வெண்கள் எடுத்துக்காட்டேயன்றி விதியல்ல. பதிவின் மூல மட்டத்தையும் செருகுநிரலையும் பொறுத்து இவை மாறும்.

பாடலின் வேகத்திற்கும் அனுப்பு மட்டத்திற்கும் உள்ள தொடர்பு கணக்கில் தெளிவாகக் காணக்கிடைக்கின்றது. எதிர்முழக்க நேரம் 2 வினாடி எனின், முழக்கம் வினாடிக்கு 30 டெசிபெல் வீதம் தேய்கின்றது. விளம்பத்தில் வினாடிக்கு ஓர் எழுத்தாகப் பாடினால், அடுத்த எழுத்து பிறக்கும்போது முந்தையதன் முழக்கம் 30 டெசிபெல் தாழ்ந்திருக்கும், இடையூறில்லை. நிமிடத்திற்கு 120 எண்ணிக்கை வேகத்தில், எண்ணிக்கைக்கு நான்கு சொல்லாக மிருதங்கம் வாசிக்கையில், இரு சொல்லுக்கு இடைப்பட்ட காலம் 0.125 வினாடி. அதற்குள் முழக்கம் தேய்வது 3.75 டெசிபெல் மட்டுமே. ஒரு சொல்லின் முழக்கம் அடங்குமுன் பதினாறு சொற்கள் வந்து குவிகின்றன! ஆகையால் பல்லவியில் இனித்த அதே அனுப்பு மட்டம், துரித காலத்துச் சுரங்களிலும் தனி ஆவர்த்தனத்திலும் சேறாகிவிடும். மென்பொருளில் அனுப்பு மட்டத்தை நேரத்திற்கேற்ப மாறும் கோடாக வரைந்துவிடலாம். விரைந்து செல்லும் பகுதிகளில் நான்கைந்து டெசிபெல் இறக்குவதும், அடியின் இறுதிச் சொல்லில் மட்டும் உயர்த்தி அது மண்டபத்தில் மிதந்து அடங்குமாறு விடுவதும் இவ்வாறே செய்யப்படுகின்றன.

சொற்கள் தெளிவாகவும் மண்டபம் பெரிதாகவும் வேண்டுமெனில், அனுப்பைக் கூட்டுவதற்கு முன், முழக்கம் தொடங்கும் நேரத்தைச் சிறிது பிந்தச் செய்து பார்க்கலாம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 20 மில்லி வினாடித் தாமதம் சுமார் 7 மீட்டர் நீண்ட சுற்றுவழிக்குச் சமம். எழுத்தின் தொடக்கம் உலர்ந்தே வந்து சேர்ந்தபின் முழக்கம் பின்தொடர்வதால் மெய்யெழுத்துகள் காக்கப்படுகின்றன. தமிழில் வல்லினமும் இனவெழுத்தும் அடர்ந்துவரும் வரிகளுக்கு இது பெரிதும் பயன்படும்.

தனியே கேட்பதும் சேர்த்துக் கேட்பதும்

ஒரு தடத்தை மட்டும் தனியே ஒலிக்கவிட்டு அதன் அனுப்பை நிர்ணயிப்போர் பலர். அது தவறான முடிவிற்கே இட்டுச் செல்லும். பன்னிரண்டு தடங்கள் தனித்தனியே சம அளவு முழக்கத்தைத் தோற்றுவிப்பின், மொத்த முழக்கம் ஒரு தடத்தினதைவிட ஏறத்தாழ 11 டெசிபெல் உயர்ந்திருக்கும். தனியே கேட்டபோது குரலின் கீழ் மெல்லிய விரிப்பாயிருந்தது, எல்லாம் கூடியபோது குரலை மூடும் போர்வையாகிவிடுகின்றது. எல்லாத் தடங்களும் ஒலிக்கையில், மெதுவான உரப்பில் கேட்டு முடிவு செய்தலே தக்கது. மீள்தடத்தை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கவேண்டும். நிறுத்தியவுடன் ஏதோ குறைந்தது என்று தோன்றி, மீண்டும் திறந்தபின் முழக்கம் தனித்துத் தெரியாவிட்டால் அளவு சரி. தடங்களுக்கு இடையேயுள்ள விகிதம் பொருந்தி, மொத்த முழக்கம் மட்டும் மிகுந்திருப்பின், ஒவ்வோர் அனுப்பையும் தொடுவானேன்? மீள்தடத்தின் ஃபேடர் ஒன்றை இறக்கினாற் போதும்.

கேட்கும் கருவியும் இடமும் கணக்கிற் கொள்ளத்தக்கவை. வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையும் கொண்ட அறையில் ஒலிபெருக்கி வழியே கலவை செய்பவருக்கு அவ்வறையின் முழக்கமும் சேர்ந்தே கேட்கும். அதனால் அவர் அனுப்பைக் குறைத்து வைக்க நேரிடும். காதணிக் கருவியில் அறை குறுக்கிடுவதில்லை. முழக்கத்தின் நுண்மைகள் அப்பட்டமாகத் தெரியும். ஒரே ஒலிபெருக்கியுள்ள கைப்பேசியில், இட வலத் தடங்களிலுள்ள எதிரெதிர் அலைகள் அழிந்து முழக்கம் சுருங்கிவிடும். மூன்றிலும் கேட்டு, மூன்றிலும் சொல் விளங்கும் இடத்தையே தெரிந்தெடுக்க வேண்டும்.

கலவை முடிந்தபின், பாடல் உரத்துக் கேட்பதற்காக அதன் உச்சங்களை அமுக்கி மொத்த மட்டத்தை உயர்த்தும் இறுதிப் பதனம் ஒன்று நடைபெறுகின்றது. உச்சங்களில் 6 டெசிபெல் அமுக்கப்படின், அவற்றினிடையே தாழ்ந்து கிடந்த முழக்கத்தின் வால் உச்சங்களை நோக்க 6 டெசிபெல் வரை மேலெழும். கலவையில் அளவாயிருந்த எதிர்முழக்கம் வெளியான பாடலில் மிகுந்து கேட்பதன் காரணம் பலகால் இதுவே. இறுதிப் பதனத்தைத் தற்காலிகமாக இயக்கிவைத்து அனுப்புகளை ஒருமுறை சரிபார்ப்பதால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஈரவொலி ஒருமுறை குரலுடன் ஒரே கோப்பாகக் கலந்துவிட்டால், அதனை மாசின்றிப் பிரித்தெடுத்தல் இன்றைய கருவிகளாலும் முற்றும் இயலாது. எனவே பதிவை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போதும், காப்பகத்திற்கு அனுப்பும்போதும், உலர்ந்த தடங்களைத் தனியாகவும் மீள்தடத்தைத் தனியாகவும் கோப்புகளாக்கி, அனுப்பு மட்டங்களைக் குறித்த ஒரு தாளையும் உடன் வைக்க வேண்டும். செருகுநிரல்கள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்து போகலாம். அத்தாளும் உலர்ந்த தடங்களும் இருப்பின், வேறொரு செருகுநிரலைக் கொண்டு அம்மண்டபத்தை ஏறத்தாழ மீண்டும் அமைத்துக்கொள்ளலாம்.